விரல் ஆடுதே, அப்புறம் எப்படி எலும்பு முறிவு?



இந்த மாதப் பாடம் கால் பிசகுவதைப் பற்றியது. "இதுக்கெல்லாம் ஒரு பாடமா? கால் பிசகினா தைலம் தேய்ச்சா சரியாப் போச்சு" என்று நீங்கள் சொல்வது எங்களுக்குக் கேட்கிறது. போன வருஷம் வரைக்கும் நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரு அக்காவுக்கு நாங்களே தப்பாகச் சொல்லி, அதனால் அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் இதைப் பற்றி டாக்டர்களிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அவர் நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் ஊக்குநர். பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பொங்கலுக்கு முந்தின வாரம், புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வரும்போது ஈரத்தில் வழுக்கி, வலது பாதம் உள்பக்கமாக மடங்கி விழுந்துவிட்டார். அன்று சாயங்காலம் குழுக் கூட்டம். கணக்கு நோட்டு பார்க்க நாங்கள் போயிருந்தோம். கால் வீங்கியிருந்தது. கூட்டத்தில் எல்லோரும் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நாங்களும் பெரிய டாக்டர் மாதிரி, "விரலை ஆட்டுங்கக்கா பார்ப்போம்" என்றோம். ஐந்து விரலையும் ஆட்டினார். "விரல் ஆடுது, எலும்புக்கு ஒண்ணுமில்ல, சுளுக்குதான்" என்று சொல்லிவிட்டு, மறுபடி கணக்கு நோட்டைப் பார்க்க உட்கார்ந்துவிட்டோம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் உள்ளே போனதைப் பார்த்தோம். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

சுளுக்குதான் என்று மேடமே சொல்லிட்டாங்க என்பதால் வீட்டிலும் விட்டுவிட்டார்கள். மூன்று நாள் புளியும் கல் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போட்டார்கள். பிறகு சுளுக்கு எடுப்பவரிடம் நான்கு தடவை நீவிவிட்டார்கள். இருபத்து நான்காம் நாள் வலி தாங்க முடியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பு முறிந்து, இடம் விலகி, அப்படியே கூட ஆரம்பித்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து தகடும் திருகாணியும் வைத்தார்கள். "முதல் நாளே வந்திருந்தா வெறும் மாவுக்கட்டோட முடிஞ்சிருக்கலாம்மா" என்று டாக்டர் சொன்னாராம். மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. கறவை மாட்டுக் கடன் தவணை இரண்டு மாதம் நின்றது. மாட்டை விற்றுவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லும் அளவுக்குப் போய்விட்டது.

விரலை ஆட்டச் சொன்னது எங்கள் தப்பு. அதில் என்ன தப்பு என்பதில் இருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.

விரலை அசைக்கிற சதைகளில் முக்கியமானவை பாதத்தில் இல்லை, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி நார்கள் கணுக்காலைத் தாண்டி விரலுக்கு வருகின்றன. பொம்மலாட்டத்தில் மேலே இருந்து கயிற்றை இழுத்தால் கீழே பொம்மையின் கை ஆடுவது மாதிரி. கணுக்கால் எலும்பு உடைந்திருந்தாலும் அந்தக் கயிறு அறுபடவில்லையே. அதனால் விரல் ஆடும், நன்றாகவே ஆடும். இனிமேல் யாராவது "விரல் ஆடுது, முறிவு இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள், எங்களைப் போன்ற ஒருங்கிணைப்பாளர் சொன்னாலும் சரி.

இதே மாதிரி நாம் நம்புகிற வேறு சில அடையாளங்களும் உண்டு. வீக்கம் பெரிதாக இருந்தால் முறிவு, சின்னதாக இருந்தால் சுளுக்கு என்கிறோம். அப்படி இல்லை. ஜவ்வு கிழிந்தால் அரை மணி நேரத்தில் முட்டை மாதிரி வீங்கும், எலும்பு லேசாகக் கீறல் விட்டால் வீக்கம் கொஞ்சமாகவும் இருக்கும். ரத்தம் கட்டி நீலமாவதும் இரண்டிலும் வரும். விழும்போது 'மளுக்' என்று சத்தம் கேட்டதா என்று கேட்போம். ஜவ்வு அறுந்தாலும் அந்தச் சத்தம் வரும். "என்னால நடக்க முடியுதே" என்பதையும் முழுசாக நம்ப முடியாது. எலும்பு உடைந்தும் நொண்டி நொண்டி நடந்து வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள் நம் பெண்கள்.

சுளுக்கு என்றால் என்ன, முறிவு என்றால் என்ன?

கணுக்காலில் கெண்டைக்கால் எலும்புகள் இரண்டும் பாத எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை ஒன்றோடு ஒன்று இழுத்துப் பிடித்திருக்கிற பட்டைக்குத்தான் ஜவ்வு என்று பெயர். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது வெளிப்பக்க ஜவ்வு இழுபடும், கொஞ்சம் கிழியும், சில சமயம் முழுசாக அறும். அதுதான் சுளுக்கு. பெரும்பாலும் வெளி மொளிக்குக் கொஞ்சம் முன்னாலும் கீழேயும் உள்ள மெத்தென்ற இடத்தில் வலிக்கும். மொளி என்று நாம் சொல்வது கணுக்காலின் இரண்டு பக்கமும் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பை. சில ஊரில் கரண்டை என்பார்கள்.

ஜவ்வு இழுக்கிற வேகத்தில் எலும்பே விட்டுக்கொடுத்தால் அது முறிவு. இதில் வலி எலும்பின் மேலேயே இருக்கும். ஆகவே எவ்வளவு வலிக்கிறது என்பதை விட எந்த இடத்தில் வலிக்கிறது என்பதுதான் முக்கியம்.

கால் பிசகி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் 100 பேரை எடுத்தால் எலும்பு முறிந்திருப்பது 15 பேருக்கும் குறைவு. மற்றவர்களுக்கு எக்ஸ்ரே வீண் செலவு, வீண் அலைச்சல். யாருக்கு எக்ஸ்ரே தேவை, யாருக்குத் தேவையில்லை என்று தொட்டுப் பார்த்தே பிரிப்பதற்கு, கனடா நாட்டில் ஒட்டாவா என்ற நகரத்து டாக்டர்கள் 1992இல் ஒரு வழி சொன்னார்கள். பிறகு பல நாடுகளில் சரிபார்த்தார்கள். இந்தச் சோதனையில் 'எக்ஸ்ரே வேண்டாம்' என்று வந்தவர்களில் முறிவு இருந்தது 100க்கு 2 பேருக்கும் குறைவு. அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், இரண்டு விரல் போதும். இதை நாம் செய்வது 'ஆஸ்பத்திரிக்குப் போகவே வேண்டாம்' என்று சொல்வதற்காக இல்லை. யாரை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

அமுக்கிப் பார்ப்பது எப்படி?

முதலில் காலைப் பாருங்கள். கால் கோணி இருந்தாலோ, பாதம் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றாலோ, தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலோ, பாதம் சில்லிட்டு வெளுத்தோ நீலமாகவோ போனாலோ, மரத்துப் போனாலோ, அமுக்கிப் பார்க்கிற வேலையே கிடையாது. உடனே 108க்குப் போன் செய்யுங்கள். கோணிய காலை நாமே இழுத்து நேராக்கக் கூடாது. சோடா, காபி என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

அப்படி எதுவும் இல்லை என்றால் காலை நீட்டி உட்கார வையுங்கள். வெளி மொளியின் நுனியில் இருந்து, அதன் பின்பக்க ஓரமாகவே மேலே 6 செ.மீ. வரை, அதாவது மூன்று நான்கு விரல் அகலத்துக்கு, விரல் நுனியால் கொஞ்சம் அழுத்தமாக அமுக்கிக்கொண்டே போங்கள். பின்பக்க ஓரம் என்பதை மறக்க வேண்டாம். முன்பக்கம் அமுக்கினால் ஜவ்வு வலியும் சேர்ந்துகொள்ளும், எது எலும்பு வலி என்று தெரியாது. உள் மொளியிலும் இதே போல. அடுத்து பாதத்தில் இரண்டு இடம். சுண்டு விரல் பக்க ஓரத்தில், குதிகாலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் ஒரு எலும்பு முடிச்சுத் தட்டுப்படும். அது ஒன்று. உள் மொளிக்கு முன்னால், சற்றுக் கீழே, பாதத்தின் உள்வளைவு மேட்டில் உள்ள எலும்பு இன்னொன்று. கால் முறுக்கிக்கொண்டதில் சில சமயம் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்க எலும்பும் முறியும். அதனால் அங்கேயும் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பது நல்லது. எதை அமுக்குகிறோம் என்று சந்தேகம் வந்தால் அடிபடாத காலில் அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

இந்த இடங்களில் எலும்பின் மேல் அமுக்கும்போது 'ஆ' என்று காலை இழுத்துக்கொண்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடக்க வைத்துப் பார்க்க அவசியம் இல்லை.

எலும்பில் வலி இல்லை என்றால், எழுந்து நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள். வலது இரண்டு, இடது இரண்டு. நொண்டினாலும் பரவாயில்லை, அடிபட்ட காலில் பாரத்தைப் போட்டு எடுத்து வைக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. சுவரையோ ஆளையோ பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிப்பது நடை இல்லை. எங்கள் ஊக்குநர் அக்கா அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு போனாரே, அது இதுதான். நான்கு அடி வைக்க முடியவில்லை என்றால் அதற்கும் எக்ஸ்ரே.

இரண்டில் ஒன்று இருந்தாலே போதும், இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்று இல்லை. பிற்பாடு நாங்கள் அந்த அக்காவிடம் கேட்டோம், "அன்னைக்கு மொளிக்குப் பின்னாடி வலிச்சுதாக்கா?" என்று. "அங்கதான் மேடம் உயிர் போச்சு. யாரும் அங்க தொடல, எல்லாரும் விரலையே பார்த்தீங்க" என்றார்.

இந்தச் சோதனையை நம்பக் கூடாதவர்கள் சிலர் உண்டு. பல வருஷமாகச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறவருக்கு எலும்பு முறிந்தது மட்டும் எப்படித் தெரியும்? வலியே இல்லாமல் பாதம் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், அடிபட்ட ஞாபகம் இல்லாவிட்டாலும் அவர்கள் டாக்டரிடம் போக வேண்டும். குடித்திருப்பவருக்கும் வலி தெரியாது. காலோடு தலையிலும் அடிபட்டவருக்கு, கை உடைந்தவருக்கு, அந்தப் பெரிய வலியில் கணுக்கால் வலி மறைந்துவிடும். சின்னக் குழந்தைக்கு இடம் சொல்லத் தெரியாது. குழந்தைகளின் எலும்பு நுனியில் வளர்கிற பகுதி மென்மையாக இருப்பதால், நமக்கு ஜவ்வு கிழிகிற அடியில் அவர்களுக்கு எலும்பே விட்டுப்போகும். இவர்களை எல்லாம் சோதனை செய்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மாதவிலக்கு நின்ற அக்காமார்களுக்கும், கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதற்குப் பிறகு எலும்பின் கெட்டித்தன்மை வேகமாகக் குறைகிறது. "லேசாத்தான் வழுக்கினேன், இதுலயா உடையும்" என்று நினைக்க வேண்டாம், உடையும். கர்ப்பமாக இருப்பவர்கள் எக்ஸ்ரே எடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். கணுக்கால் வயிற்றிலிருந்து தூரம் என்பதால் குழந்தைக்குப் போகும் கதிர் மிக மிகக் குறைவு. பயந்துகொண்டு எடுக்காமலே விட்டுவிட வேண்டாம்.

விழுந்தவுடன் என்ன செய்வது?

கால் பிசகிய உடனே கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிடுங்கள். சுமங்கலி மெட்டியைக் கழற்றலாமா என்று மாமியார் கேட்பார். வீங்கிய பிறகு மெட்டி விரலை இறுக்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும், அதற்கு இப்போதே கழற்றி மாடத்தில் வைக்கலாம்.

அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள். படுக்க வைத்து, காலுக்கு அடியில் தலையணையோ மடித்த சாக்கோ வைத்து, நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி 15, 20 நிமிஷம் வைத்து எடுக்கலாம், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை. நேராகத் தோலில் வைத்தால் புண்ணாகிவிடும். ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில் மீன்காரரிடமோ கூல்டிரிங்ஸ் கடையிலோ கேளுங்கள், அதுவும் இல்லை என்றால் பானைத் தண்ணீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் வெந்நீர் ஒத்தடம், சூடான பற்று, தைலம் போட்டுத் தேய்ப்பது எதுவும் வேண்டாம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கிற இடத்தில் சூடு பட்டால் வீக்கம் கூடும்.

கூட்டிப் போகும்போது கால் ஆடாமல் இருக்க, தலையணையைக் காலைச் சுற்றி வைத்து துண்டால் மேலும் கீழும் கட்டலாம், அல்லது கெட்டியான அட்டையை இரண்டு பக்கமும் வைத்துக் கட்டலாம். விரல்கள் வெளியே தெரிய வேண்டும். விரல் மரத்தாலோ நீலமானாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம், உடனே தளர்த்துங்கள்.

நாட்டு வைத்தியர் விஷயத்துக்கு வருவோம். அவர்களைக் குறை சொல்ல நாங்கள் எழுதவில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறவர்கள், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறவர்கள். ஆனால் கணுக்கால் என்பது உடம்பின் பாரம் முழுவதையும் தாங்குகிற மூட்டு. எலும்பு கொஞ்சம் விலகிக் கூடினாலும் வாழ்நாள் முழுக்க வலியும் தேய்மானமும் இருக்கும். விலகியிருக்கிறதா இல்லையா என்று எவ்வளவு அனுபவம் உள்ள கைக்கும் தெரியாது, படம்தான் காட்டும். ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: முதலில் எக்ஸ்ரே, நீவுவதும் கட்டுவதும் அதற்கு அப்புறம். எங்கே கட்டுப் போட்டாலும், மாவுக்கட்டே ஆனாலும், விரல் கறுத்தால், வலி மணிக்கு மணி கூடினால், அன்று இரவே போய் அவிழ்க்கச் சொல்லுங்கள். காலைல பார்த்துக்கலாம் என்று இருந்து காலையே இழந்தவர்கள் உண்டு.

படத்தில் முறிவு இல்லை, சுளுக்குதான் என்று வந்துவிட்டால் சந்தோஷம். ஆனால் அதோடு மறந்துவிடக் கூடாது. ஒரு வாரம் ஆகியும் காலை ஊன்ற முடியவில்லை என்றால் திரும்பப் போங்கள். மெல்லிய கீறல் முதல் படத்தில் தெரியாமல், பத்துநாள் கழித்து எடுக்கும் படத்தில் தெரிவது உண்டு.

சுளுக்குக்கு மாதக்கணக்கில் படுத்திருப்பதும் தப்பு. இரண்டு மூன்று நாளில் வலி குறைந்ததும், உட்கார்ந்தபடி கட்டை விரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். கணுக்கால் எல்லாப் பக்கமும் அசையும். (அறிவொளி காலத்தில் கையால் எழுதியதை இப்போது காலால்.) கொஞ்சம் பலம் வந்ததும் சுவரைத் தொட்டுக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் அரை நிமிஷம் நிற்கப் பழகுங்கள். ஒரு தடவை பிசகிய கால் திரும்பத் திரும்பப் பிசகுவது, ஜவ்வு பலவீனத்தோடு நிதானமும் போய்விடுவதால்தான். லேசான சுளுக்கு ஓரிரு வாரத்தில் சரியாகும், ஜவ்வு நன்றாகக் கிழிந்திருந்தால் ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை தலைச்சுமை வேண்டாம்.

வலி மாத்திரையை மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது நம் வழக்கம். வலி மறைந்த காலில் சுமை தூக்கினால் கீறல் முறிவாகிவிடும். அதோடு அல்சர், கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சில மாத்திரைகள் ஆபத்து. டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் ஊக்குநர் அக்கா ஏன் முதல் நாளே போகவில்லை என்று யோசித்தோம். நாங்கள் சொன்னது ஒரு காரணம். இன்னொன்றை அவரே சொன்னார்: "வீட்ல காசு கேக்கணும், கூட ஒரு ஆள் வரணும், ஒருநாள் கூலி போகும். சுளுக்குன்னு சொன்னதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு மேடம்." எலும்பில் வலி இருந்தும் நம் பெண்கள் சுளுக்கு என்று நம்ப விரும்புவது இதனால்தான்.

அவருடைய குழு அடுத்த கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டது. உறுப்பினருக்கோ அவர் வீட்டில் ஒருவருக்கோ அடிபட்டால் குழுச் சேமிப்பில் இருந்து அன்றைக்கே ஆயிரம் ரூபாய், கையெழுத்து இரண்டு போதும், கூட்டம் கூட வேண்டியதில்லை. கூடப் போவதற்கு மாதம் ஒரு உறுப்பினர் முறை. அவர் படுத்திருந்த மாதங்களில் பக்கத்து வீட்டு உறுப்பினர்கள் இரண்டு பேர் பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றினார்கள். மாட்டை விற்கவில்லை. நின்றுபோன இரண்டு தவணையையும் ஆடி மாதத்துக்குள் கட்டிவிட்டார்.

உங்கள் குழுவில் இதைப் படிக்கும்போது, படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். 'அமுக்கிப் பார்ப்பது எப்படி' என்ற பகுதி வந்ததும் நிறுத்திவிட்டு, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் தொட்டு, அந்த இடங்களைக் கண்டுபிடியுங்கள். பெரியவங்க காலைத் தொட வேண்டியிருக்கே என்று கூச்சம் வேண்டாம், ஆசீர்வாதமாக வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எத்தனை மணி வரை எடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று இந்த மாதமே ஒருவர் போய்க் கேட்டு, இரவு கூப்பிட்டால் வருகிற ஆட்டோக்காரர் நம்பரோடு சேர்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் கணக்கு பார்க்க வரும்போது அந்தப் பக்கத்தையும் பார்ப்போம்.